ஓடையடிக்கு அடுத்த பெட்டி

சத்தம் வர வேண்டிய ஓர் இடத்தில் சத்தம் வராமலிருப்பதற்குக் குருநாதன் பழகிப் போயிருந்தான். அந்த ஐப்பசி மாலை, அந்த இடத்தில் ஒரு மூச்சு கேட்டது.

வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் கண்ட்ரோல் ரூம் அது. ஏசியின் ஈர வாடையும், ஆறிப்போன டீயின் வாடையும், எத்தனை துடைத்தாலும் மறுநாள் வந்து உட்கார்ந்துகொள்ளும் தூசியின் வாடையும் கலந்து கிடக்க, தரைக்குக் கீழே ஓடும் பெல்ட்டின் உறுமல் செருப்பைத் தாண்டி உள்ளங்கால்வரை ஏறிக்கொண்டிருந்த அந்த அறையில், சுவரிலிருந்த சிறிய ஸ்பீக்கர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை டிக், டிக், டிக் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அடங்கும். அந்தச் சத்தத்தை எழுதி வைத்தவனே குருநாதன்தான்.

மைன்ஸில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லை ஆலைக்குக் கொண்டுவர, மண்ணுக்கு அடியில் நீளமான டனல் ஒன்று இருந்தது. அதற்குள் பெல்ட் ஓடும். இடைக்கிடையே சுவரில் சாம்பல் நிறப் பெட்டிகள் பொருத்தியிருந்தார்கள். சூடு, தூசி, உருளைகளின் நடுக்கம் எல்லாவற்றையும் அவை பார்த்துக்கொள்ளும். பெட்டிகளுக்கு மேலே தரையில் எது இருக்கிறதோ அதுவே அவற்றின் பெயர்: பனைமரத்தடி, ஓடையடி, ரோட்டடி, ரயிலடி. குருநாதன் எழுதிய ப்ரோக்ராம் ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு, நீ யார், எப்படி இருக்கிறாய் என்று கேட்கும். பெட்டி தன் பெயரையும் தன் நிலையையும் சொல்லும். ஒரு பெட்டி சொன்னால் ஒரு டிக். அறையிலிருந்தவர்கள் அதை நாடி பார்ப்பது என்றார்கள்.

ஓடையடிக்கு அடுத்திருந்த பெட்டி மட்டும் சரியாக அமையவில்லை. அதற்கு மேலே தரையில் பெயர் சொல்ல ஒன்றுமில்லை, பொட்டல். கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் பதிலுக்குள் ஒன்றும் இருக்காது. பெயர் இல்லை, நிலை இல்லை, கோளாறு என்ற சொல்கூட இல்லை. வெறுமை. இல்லாத பெயரைப் பிடித்துத் தூக்கப்போய்ப் ப்ரோக்ராம் இடறி விழும், திரை கறுக்கும், மணி அடிக்கும், பெல்ட் நிற்கும். கல் வராமல் ஆலையே காத்துக் கிடக்கும்.

பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை. ஆனால் அந்தப் பெட்டி ஒரு செங்கல் சுவருக்குப் பின்னால் இருந்தது. வரைபடத்தில் அந்தச் சுவர் கிடையாது. டனலைக் கட்டிய காண்ட்ராக்டர், பெட்டிகளைப் பொருத்திய பின் பக்கவாட்டில் மேற்கூரை சரிந்த ஒரு பொந்தை அடைத்து எழுப்பிய சுவர் அது. காண்ட்ராக்டர் பெயர் வெள்ளைச்சாமி. குருநாதனுக்கு அப்பா.

செந்துறை வட்டாரத்தில் வெள்ளைச்சாமி வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. பத்திரம் எழுதாமல் நிலம் கைமாறியிருக்கிறது, அவர் பக்கத்தில் நின்றார் என்பதற்காக. அவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஊர் வரிசையில் நின்றதென்றால் அது நகைக்காக அல்ல, அந்தப் பெயருக்காக. சரிந்த பொந்துக்குள் ஆள் யாரும் இல்லை என்று அவர் அன்று அதிகாரிகளிடம் சொன்னார். அவரிடம் வேலை பார்த்த பாவாடை என்பவன் அன்றிலிருந்து கண்ணில் படவில்லை. அவன் மனைவி ராசாத்தி வாசலில் வந்து நின்றபோது, "திருப்பூருக்குப் போயிட்டான். நல்லாத்தான் இருக்கான், போ" என்றார். அவள் போய்விட்டாள். அவர் சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது?

எனவே குருநாதன் சுவரை உடைக்கச் சொல்லவில்லை. ப்ரோக்ராமில் நாலு வரி சேர்த்தான். பதில் வெறுமையாக வந்தால் விழாதே. 'நலம்' என்று நீயே போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போ. அவ்வளவுதான். திரையில் பச்சை. பெல்ட் அதன்பின் நிற்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். ஸ்பீக்கரில் மட்டும் அந்தப் பெட்டியின் முறை வரும்போது டிக் வராது. ஒரு சின்ன இடைவெளி விழும். தன் வீட்டுப் பெயரைக் காப்பாற்றுகிறவன் அவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததில் தவறு இருந்ததாக இன்றும் சொல்வதற்கில்லை.

டிக். டிக். பிறகு அந்த இடைவெளி. அதில், ஈரத் துணியை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் இழுத்தது போல, ஒரு மூச்சு. பிறகு டிக், டிக்.

"பிரேம், சத்தம் கேட்டுச்சா?"

பிரேம்குமார் பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தான். பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

"எங்கம்மா வெச்ச ரசம் சார். திறந்தாலே சத்தம் போடும்."

"ஸ்பீக்கர்ல."

"மழைல லைன்ல தண்ணி இறங்கியிருக்கும். ஸ்கிரீனப் பாருங்க, எல்லாம் பச்சை. இந்தப் பிளாண்ட்லயே பொய் சொல்லாத ஆளு உங்க ப்ரோக்ராம் ஒண்ணுதான்." அவன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான்.

அடுத்த முறைக்காகக் குருநாதன் காத்திருந்தான். காத்திருக்கும்போது ஒரு வாடை வந்தது. அறையின் பழைய தூசி வாடை இல்லை. அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் குழைத்த சிமெண்ட் கலவையின் பச்சை வாடை. சிறு வயதில் அப்பாவின் வேட்டியில் மோந்தது. ஆலையில் எங்கும் கட்டட வேலை நடக்கவில்லை.

டிக். டிக். மூச்சு. அடுத்து வர வேண்டியது கருவேலங்காட்டடி.

டிக் வரவில்லை. அங்கேயும் மூச்சு.

குருநாதன் திரையைப் பார்த்தான். கருவேலங்காட்டடி: நலம். பச்சை.

அவனுக்கு மட்டும் திறக்கும் இன்னொரு ஜன்னல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. பெட்டிகள் அனுப்புவதை அப்படியே, ஒன்றும் சேர்க்காமல் காட்டுவது. கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாக அடித்தான். மூன்றாம் தரம் திறந்தது. பனைமரத்தடி தன் பெயரைச் சொல்லியிருந்தது. ஓடையடி சொல்லியிருந்தது. அதன் கீழே வெற்று வரி. அதன் கீழே, கருவேலங்காட்டடி இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு வெற்று வரி.

டனலில் ஓடையடி அந்தக் கோடியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கருவேலங்காட்டடி, ரோட்டடி, ரயிலடி. கடைசியாகப் படிக்கட்டடி. அங்கிருந்து ஏறினால் இந்த அறையின் கதவு.

டனல் போனை எடுத்தான். உள்ளே பெல்ட் பார்க்கும் தங்கராசு இருந்தார். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், உறுமலுக்கு மேல் கத்திக் கத்தியே குரல் உடைந்தவர்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ரயிலடில சார். நல்ல பாம்பு ஒண்ணு உருளைக்கு அடியில படுத்து டூட்டி பாக்குது. அதுக்கும் ஓவர்டைம் போட்டு விடுங்க."

"அந்தப் பக்கம் எதாச்சும் வித்தியாசமா தெரியுதா?"

"ரோட்டடி லைட்டு அமந்துருக்கு. ஈரக் கலவ நாத்தம் வேற அடிக்குது. எவனாச்சும் பூசு வேல பாக்குறானா? நமக்குச் சொல்லவே இல்லயே."

"மேல வந்துருங்கண்ணே."

"ஏன் சார், ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

குருநாதன் திரையைப் பார்த்தான்.

"எல்லாம் நலம்னுதான் காட்டுது."

"அப்புறமென்ன? ரோட்டடி லைட்ட ஒரு தட்டு தட்டிட்டு வந்துர்றேன்." போன் வைக்கப்பட்டது.

சிவப்புப் பொத்தான் மேஜையின் மேலேயே இருந்தது. அழுத்தினால் பெல்ட் நிற்கும், டனல் முழுக்கச் சங்கு ஊதும், தங்கராசு ஓடி வந்துவிடுவார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். ஜன்னலைத் திறந்து காட்ட வேண்டும். வெற்று வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று பார்ப்பார்கள். கடப்பாறையோடு அந்தச் சுவருக்குப் போவார்கள்.

அவன் கை பொத்தானுக்குப் போகவில்லை. செல்போனுக்குப் போனது.

அப்பா எடுத்தார். பின்னால் வீட்டின் மாலைச் சத்தம்: குக்கர் விசில், அவன் மனைவி பரிமளாவின் குரல், மகள் எதையோ ராகம் போட்டு ஒப்பிப்பது.

"அப்பா, அந்தச் சுவருக்குப் பின்னாடி ஆள் இருந்தானா?"

"வேலை நேரத்துல என்ன பேச்சுடா இது?"

"இருந்தானாப்பா?"

மழை இரண்டு பக்கமும் கேட்டது. வெள்ளைச்சாமி மெதுவாகப் பேசி அவன் கேட்டதில்லை. இப்போது மெதுவாகப் பேசினார்.

"கல்லு சரிஞ்சதும் நான்தான் கிட்டப் போயி நின்னேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்னு நின்னு கூப்பிட்டேன், குருநாதா. பதில் வரல. பதில் வராதவன நான் என்னன்னு சொல்லுறது? இருக்கான்ங்கறதா, இல்லேங்கறதா? வேல நின்னா குடும்பமே தெருவுக்கு வந்துரும். நல்லா இருக்கான்னு சொன்னேன். சுவத்த எழுப்புனேன்."

"அவ்வளவுதானா?"

"கடேசி வரிசை கல்லு வெக்கிறப்போ உள்ள ஒரு மூச்சு கேட்ட மாதிரி இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்." இருமினார். குரல் பழையபடி நிமிர்ந்தது. "சொன்னது சொன்னதா இருக்கட்டும். நம்ம வூட்டு வாக்கு மாறுனதா நாளைக்கி ஒருத்தன் பேசக் கூடாது. போயி வேலயப் பாரு."

பேச்சு அறுந்தது.

டிக். டிக். மூச்சு. மூச்சு. ரோட்டடி. மூச்சு.

ஜன்னலில் மூன்று வெற்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பக்கத்தில் பச்சைத் திரை. நலம், நலம், நலம். தான் எழுதிய சொல். தன் கையால் போட்ட சொல். அதற்கு அடியில்தான் அது நடந்து வருகிறது. யாருக்கும் தெரியாது. தெரியாதபடி மூடியவன் அவனே.

வாடை கனத்தது. தொண்டையில் மாவு போல ஒட்டியது.

டனல் போனைச் சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

"தங்கராசண்ணே?"

உறுமல்.

"அண்ணே, கேக்குதா? எங்க இருக்கீங்க? எப்படி இருக்கீங்க?"

"நலம்."

தங்கராசுவின் குரல்தான். ஆனால் உடைசல் இல்லை. கத்தல் இல்லை. உறுமலுக்கு மேல் கத்தாமலே கேட்டது. அந்த மனிதர் வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார். பரவால்ல சார் என்பார். ஒண்ணும் இல்ல சார் என்பார்.

"அண்ணே, மேல வாங்க. உடனே."

"நலம்."

"யாரு பேசுறது?"

அதற்குப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குள் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

"என்ன சார், முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?" பிரேம்குமார் கை கழுவப் போனவன் நின்றான்.

"அந்த நாலு வரிய எடுக்கப் போறேன்."

"எந்த நாலு வரி?"

குருநாதன் ப்ரோக்ராமைத் திறந்தான். விழட்டும். முன்போல இடறி விழட்டும். திரை கறுக்கட்டும், மணி அடிக்கட்டும், ஊர் கூடட்டும், கடப்பாறை வரட்டும். செந்துறைக் கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்து ஆட்கள் பேச்சை நிறுத்தட்டும். ஒரு நிமிஷத்துக்கு அது எல்லாமே அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. நாலு வரியையும் அழித்தான். திரும்ப ஓட விட்டான்.

பனைமரத்தடி. டிக்.

ஓடையடி. டிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். இப்போது விழ வேண்டும்.

டிக்.

விழவில்லை.

ஜன்னலைப் பார்த்தான். ஒன்றும் சேர்க்காத ஜன்னல். பெட்டி அனுப்பியதை அப்படியே காட்டுவது. வெற்று வரி அங்கே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. நிலை இருக்க வேண்டிய இடத்தில், அவன் போடாமலே, பெட்டியே சொல்லியிருந்தது. நலம்.

டிக். நலம்.

டிக். நலம்.

ரயிலடி. டிக். பெயரில்லை. நலம்.

அது கற்றுக்கொண்டுவிட்டது.

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தான். சங்கு ஊதவில்லை. பெல்ட் மட்டும் நின்றது. எத்தனையோ காலமாக உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த உறுமல் இறங்கி, இறங்கி, அடங்கியது. இப்படியொரு அமைதியை அந்த அறை கேட்டதில்லை. மழைகூட நின்றிருந்தது. எப்போது நின்றது?

"எதுக்கு சார் நிறுத்துனீங்க?" பிரேம்குமாரின் குரல் உயர்ந்தது. "எல்லாம் பச்சையாத்தான இருக்கு?"

"கதவப் பூட்டு."

"தங்கராசண்ணன் உள்ள இருக்கார் சார்."

"பூட்டுடா!"

பிரேம்குமார் அசையவில்லை. டனல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். கதவின் அடி இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர் போல வேகமாக இல்லை. கெட்டியாக, பொறுமையாக.

குருநாதன் வீட்டுக்கு அடித்தான். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். சுவரை உடைக்கிறேன் அப்பா, மன்னித்துவிடுங்கள் என்று. பரிமளாவைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போ என்று. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கில் இருந்தது.

எடுத்தார்கள். குக்கர் சத்தம் இல்லை. மகளின் ராகம் இல்லை.

"அப்பா?"

"நலம்."

"அப்பா, நான் குருநாதன்."

"நலம்."

"பரிமளாகிட்ட குடுங்க. பரிமளா! பாப்பா எங்க?"

மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். கிழவனுக்கும், பெண்ணுக்கும், குழந்தைக்கும் ஒரே குரல். அந்தக் குரலில் யாருடைய பெயரும் இல்லை. செந்துறையில் எல்லோருக்கும் தெரிந்த, அவன் இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த, அந்தப் பெயரின் ஒரு சாயல்கூட இல்லை.

ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கட்டடி. டிக்.

கதவு திறந்தது.

தங்கராசுவின் காக்கிச் சட்டை. தங்கராசுவின் கம்பூட்ஸ். தலையிலிருந்து ஈரக் கலவை வழிந்துகொண்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தைக் கொத்தனார் கரணையால் மட்டம் பார்த்துத் தேய்த்தது போல யாரோ பூசி விட்டிருந்தார்கள். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஈரப் பூச்சு, மூச்சுக்கு உள்ளே போயிற்று, மூச்சுக்கு வெளியே வந்தது. அவருக்குப் பின்னால் படிகளில், இருட்டில், இன்னொருவன் ஏறிக்கொண்டிருந்தான். அவன் அவசரப்படவில்லை.

பிரேம்குமார் கதவிலிருந்து பின்வாங்கி வந்து குருநாதனின் தோளைப் பிடித்து உலுக்கினான். "சார், சார்! என்னாச்சு உங்களுக்கு? நல்லா இருக்கீங்களா? பேசுங்க சார்!"

குருநாதன் அலறுவதற்காக வாயைத் திறந்தான். உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஈரமாக, குளிர்ந்து, இறுகிக்கொண்டே. அந்த இறுக்கத்தின் பின்னாலிருந்து, அவனுடையதல்லாத ஒரு குரல், மிகத் தெளிவாக, பிரேம்குமாருக்கு அவன் எப்படி இருக்கிறான் என்பதைச் சொன்னது.